சயாம் மரண ரயில் பாதை: காஞ்சனபுரிக்குப் பெரியவர்கள், பிள்ளைகளோடு 2 நாள் போதுமா?

கேள்வி: பேங்காக்கிலிருந்து காஞ்சனபுரி போகிறோம். 70 வயதைத் தாண்டிய அப்பா, அம்மா, 13 வயது மகன், 9 வயது மகள், நாங்கள் இருவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவுக்கு இந்த ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களின் நினைவிடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பேங்காக்கின் தொன்புரி நிலையத்தில் காலை ரயில் ஏறி, அன்றைக்கே அந்தப் பாதைக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸையும் பார்த்துவிடலாமா? அப்பாவுக்கு முட்டிவலி, படி ஏறுவது சிரமம். அம்மா சுத்த சைவம்.

பதில் 1: ஒரே நாளில் இரண்டையும் சேர்க்காதீர்கள். பலரும் அங்கேதான் தவறுகிறார்கள். தொன்புரியிலிருந்து காலை எட்டுக்குச் சற்று முன் கிளம்பும் ரயில், கடைசி ஊரான ‘நாம் டோக்’ போய்ச் சேரவே மதியம் பன்னிரண்டரை ஆகும், தாமதமும் சகஜம். தண்டவாளம் அங்கேயே முடிகிறது. ஹெல்ஃபயர் பாஸ் இன்னும் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அருங்காட்சியகத்தை மாலை 4 மணிக்கு மூடிவிடுவார்கள்.

இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் காஞ்சனபுரிக்கு வந்து தங்குங்கள். மறுநாள் ஓட்டுநரோடு வேன் பேசி காலை ஏழரைக்குக் கிளம்பினால், 80 கிலோமீட்டர் போய் 9 மணிக்குத் திறக்கும்போதே ஹெல்ஃபயர் பாஸில் இருப்பீர்கள். பதினொன்றரைக்கு அங்கிருந்து புறப்பட்டு, நாம் டோக்கில் சாப்பிட்டு, 1 மணி வாக்கில் திரும்பும் ரயிலில் ஏறுங்கள். வேனைக் காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். சுற்றுலாக் கூட்டம் நடுவில் ‘தாம் கிராசே’ நிலையத்தில்தான் ஏறும், நாம் டோக்கில் ஏறினால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். திரும்பும்போது வலப்பக்கம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம். ஏசி இல்லாத மூன்றாம் வகுப்பு, சன்னல் திறந்தே இருக்கும். வாம்போ மரப்பாலத்தில் பாறை சன்னலை உரசுகிற மாதிரி வரும். பிள்ளைகள் தலையையோ கையையோ நீட்டக் கூடாது.

பதில் 2: ஹெல்ஃபயர் பாஸ் பற்றி. நுழைவு இலவசம். காதில் கேட்கும் விளக்கக் கருவியை வாசலிலேயே கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் இறங்கினால் வெறும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். வெட்டுக்குள் இறங்கப் படிகள் நிறைய, திரும்பும்போது அவ்வளவையும் ஏற வேண்டும். அப்பா மேலேயே அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். பின்புறத்திலிருந்து குவாய் நொய் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மகனைக் கீழே அழைத்துப் போங்கள். ஏறக்குறைய 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். சுத்தியலும் உளியும் வைத்துக் கையால் துளையிட்டு, வெடி வைத்துப் பிளந்தார்கள். துளைத் தடங்கள் இன்னும் பாறையில் இருக்கின்றன, விரலை வைத்துப் பார்க்கலாம். அருங்காட்சியகத்தில் நோயுற்ற கைதிகளின் படங்களும் உண்டு. 9 வயதுப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு அவசியம். மார்ச், ஏப்ரல் வெயிலில் பெரியவர்களைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

பதில் 3: நினைவிடம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நகரத்துப் போர்க் கல்லறையில் ஜப்பானியரிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 6,900-க்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த தகடு உண்டு. தமிழர் பெயரைத் தேடி அங்கே நடந்து அலுக்காதீர்கள். 1942-43 இல் 415 கிலோமீட்டர் பாதைக்காக இறந்த போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கைதிகளின் அதிகாரிகள் இறந்தவர் பட்டியலையும் புதைத்த இடத்தையும் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படிப் பெயரெழுதி வைக்க ஆள் இல்லை. காலராவில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்தார்கள், அல்லது எரித்தார்கள்.

நீங்கள் போக வேண்டியது கல்லறைக்கு அருகிலேயே இருக்கும் வாட் தாவோன் வராராம் கோயில். தொழிலாளர்களின் எச்சங்களைப் புதைத்த இடம் அந்த வளாகத்தில்தான். 2023 இல் மலேசியத் தமிழர் முயற்சியில் நடுகல்லும் வைத்தார்கள். வழிபாடு நடக்கும் கோயில் என்பதால் தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். பூவை வெளியிலேயே வாங்கிப் போங்கள். முதல் நாள் மாலை வெயில் தாழ்ந்ததும் போனால், பக்கத்திலேயே உள்ள தாய்லாந்து-பர்மா ரயில் பாதை மையத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அது சீக்கிரம் மூடிவிடும், அதை முதலில் முடியுங்கள்.

பாலத்தில் ஒரு விஷயம். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. குண்டுவீச்சில் விழுந்த பகுதியில் போருக்குப் பின் வைத்தவைதான் நடுவிலுள்ள கோணச் சட்டம் இரண்டும். மகளுக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டுங்கள், பாலத்தின் கதை அதிலேயே புரியும். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்க ஓரத்தில் மேடைகள் உண்டு, கையைப் பிடித்தே நடங்கள். பாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில் 1944 இல் ஜப்பானியர் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது, பெரும்பாலோர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். அப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள்.

பதில் 1: அம்மாவின் சாப்பாடு விட்டுப்போச்சு. ‘சைவம்’ என்று விளக்கினாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் துணியில் சிவப்பெழுத்துப் போட்ட ‘ஜே’ கடையாகப் பாருங்கள், அங்கே மீனும் முட்டையும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. நாம் டோக்கில் அப்படிக் கடை கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். காலையிலேயே பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.