பரத மாணவர்களுக்கு 'மாவோஸ் லாஸ்ட் டான்ஸர்': எங்கே நிறுத்திப் பேசலாம்?

தோபாயோ_தில்லை:
சமூக மன்றத்தில் பரதம் கற்கும் உயர்நிலை மாணவர்களுக்கு டிசம்பர் விடுமுறையில் இந்தப் படத்தைப் போடுகிறோம். சீன பாலே கலைஞர் லீ சுன்சினின் சுயசரிதையை வைத்து 2009இல் புரூஸ் பெரஸ்ஃபோர்டு இயக்கியது, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பிள்ளைகளுக்கு பாலே தெரியாது. பாலே பள்ளிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் காட்சியில் சிறுவன் லீயின் காலைப் பிடித்து வளைப்பதைப் பார்த்துவிட்டு யாரும் வகுப்பில் முயலக் கூடாதே என்பதுதான் பெரிய கவலை.

அரைமண்டி:
அங்கேயே நிறுத்துங்கள். தேர்வாளர்கள் தேடுவது உடல்வாகு. டர்ன்அவுட், அதாவது காலை வெளிப்பக்கமாகத் திருப்புவது, இடுப்பு மூட்டிலிருந்து வருவது. அந்த எலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு, இழுத்து மாற்ற முடியாது. வலுக்கட்டாயமாக இழுத்தால் தொடையின் பின்தசைதான் கிழியும்.

முட்டியை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி உட்காரும் நம் அரைமண்டியிலும் அதே கதைதான். பாதத்தை மட்டும் அகலத் திருப்பிவிட்டு முட்டியைக் கவனிக்காமல் விட்டால், முறுக்கு முழுவதும் முட்டியின் உள்பக்கம் விழும், பாதவளைவும் சரியும். ஒரு சோதனை செய்து காட்டுங்கள். பாதங்களை இணையாக வைத்து, முட்டியை நீட்டி, எடையைக் குதிகாலில் நிறுத்தி, தொடையை மட்டும் வெளியே திருப்பச் சொல்லுங்கள். பாதம் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அவரவர் அளவு. அப்படியே உட்காரும்போது முட்டி இரண்டாம் விரலுக்கு நேரே வர வேண்டும். கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் தரையில் பதிய வேண்டும். முட்டி உள்ளே சாய்ந்தால் பாதத்தைக் குறுக்குங்கள், முட்டியைத் தள்ளாதீர்கள்.

லீ சுன்சினின் சுயசரிதையில் கணுக்காலில் மணல்பை கட்டிப் படியில் தாவும் பயிற்சி வரும். வளரும் பிள்ளைகளுக்கு அது முட்டிக்குக் கீழே வலியைத்தான் கொடுக்கும்.

பழைய_ரீல்:
முன்கதை சொல்லாமல் போட்டால் குழம்புவார்கள். படம் லீ அமெரிக்காவின் ஹூஸ்டனில் வந்திறங்குவதில் தொடங்கி முன்னும் பின்னும் தாவும். பலகையில் எழுதிவிடுங்கள்: 1961இல் சிங்டாவ் அருகே ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறப்பு, ஏழு மகன்களில் ஆறாவது, 11 வயதில் பெய்ஜிங், 1979இல் ஹூஸ்டன் பாலே, 1981இல் சீனத் துணைத் தூதரகத்தில் 21 மணி நேரம் அடைத்துவைப்பு.

மாவோவின் மனைவி ஜியாங் சிங் பாலேயைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி எங்கே என்று கேட்கும் இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அடுத்து லீயின் பாலே ஆசிரியர் சானுக்கு நேர்வதைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள். பண்பாட்டுப் புரட்சியைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது.

சலங்கை_86:
பதின்ம வயது லீயாக வரும் செங்வு குவோவும், பெரியவராக வரும் சி காவும் நிஜ பாலே கலைஞர்கள். சுழலும்போது தலை கடைசியாகத் திரும்பி முதலில் வந்து சேர்வதைக் கவனிக்கச் சொல்லுங்கள். தலைசுற்றாமல் இருப்பது அதனால்தான். தாவல்களில் ஸ்லோ மோஷன் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை, வேகமே தெரியாமல் போகிறது.

நூலைப் படித்த பிள்ளை கேட்கலாம்: லீயின் பெற்றோர் அவர் மேடையில் ஆடி முதலில் பார்க்கும் பாலே நூலில் 'நட்கிராக்கர்', படத்தில் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்'.

ஈசூன்வாசி:
வீட்டு ஸ்ட்ரீமிங் கணக்கில் போடாதீர்கள். நுழைவு இலவசமானாலும் பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வேண்டும். மாண்டரின் பகுதிகளுக்கு ஆங்கிலத் துணைவரி ஓடுகிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள்.

தோபாயோ_தில்லை:
நன்றி. அரைமண்டிச் சோதனை படத்துக்கு முன்னா, பின்னா?

அரைமண்டி:
பின். ஆனால் இரண்டு மணி நேரம் ஏசியில் உட்கார்ந்து எழுந்த உடனே வேண்டாம். பத்து நிமிடம் நடக்கவிட்டு, உடம்பு சூடானதும் செய்யுங்கள்.