பழைய காரு, புது பேட்டரி, ஆனாலும் ஸ்டார்ட் ஆகல: கனடா விண்டர்ல கிரவுண்ட் கேபிளையும் பாருங்க

கேள்வி: ப்ராம்ப்டன் வந்து இதுதான் முதல் விண்டர். 2007 கரோலா ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். குளிர் மைனஸ் 15 போன அன்னைக்கு சாவி திருப்பினா டக்குனு ஒரே சத்தம், அவ்ளோதான். பக்கத்து வீட்டுக்காரர் பூஸ்ட் குடுத்தார் (அவர் கார் பேட்டரில இருந்து கேபிள் போட்டு கரண்ட் குடுக்கறது), உடனே ஸ்டார்ட் ஆச்சு, சரி பேட்டரிதான்னு புதுசு போட்டுட்டேன். இப்ப மறுபடி அதே டக். ஹெட்லைட் நல்லா பளிச்சுனு எரியுது. மெக்கானிக் ஸ்டார்ட்டர் மோட்டார் மாத்தணும்ங்கறார். மாத்திடலாமா அண்ணா?

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி. ஸ்டார்ட்டருக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிடுங்க, கனடியன் டயர் கடைல இருக்கற சாதாரண மீட்டரே போதும்.

நீங்க சொன்னதுல ரெண்டு விஷயம் இடிக்குது. ஒண்ணு, லைட் பளிச்சுனு எரியுது. பேட்டரி செத்திருந்தா சாவி திருப்பும்போது லைட் மங்கிடும், சத்தமும் டிக்டிக்டிக்னு வேகமா வரும். லைட்டுக்கு கிரவுண்ட், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பற வழி, காரோட பாடி; ஸ்டார்ட்டருக்கு கிரவுண்ட் என்ஜின். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போற தடி கேபிள் அரிச்சுப் போயிருந்தா லைட் ஜம்முனு எரியும், ஸ்டார்ட்டர் மட்டும் டக்குனு நின்னுடும். ஸ்டார்ட்டரே போனாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதனால மெக்கானிக் சொன்னதை தப்புன்னும் சொல்ல முடியாது, அளந்து பாக்காம சொல்லிட்டார்ங்கறதுதான் விஷயம்.

ரெண்டாவது அந்த பூஸ்ட். பூஸ்ட்ல ஸ்டார்ட் ஆச்சுன்னா பேட்டரிதான்னு எல்லாரும் முடிவு பண்ணிடறாங்க. ஆனா முறைப்படி கருப்பு கிளிப்பை எங்க மாட்டுவோம்? செத்த பேட்டரில மாட்டக்கூடாது, அதுல ஹைட்ரஜன் வாயு வரும், பொறி பட்டா வெடிக்கும், அதனால என்ஜின்ல இருக்கற வெறும் இரும்புல மாட்டுவோம். அப்ப பூஸ்ட் குடுக்கற காரோட கரண்ட் உங்க கிரவுண்ட் கேபிளைத் தொடாமலே நேரா என்ஜினுக்குப் போயிடுதுல்ல? கேபிள் கெட்டிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், பழி பேட்டரி மேல விழும்.

முதல்ல பேட்டரிய அளங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில ஹெட்லைட்டை ரெண்டு நிமிஷம் போட்டு அணைச்சுட்டு, மீட்டர் முனைய கிளாம்ப்ல வைக்காம நடுவுல இருக்கற ஈயக் கம்பத்துலயே வச்சுப் பாருங்க. 12.6 வோல்ட் ஃபுல், 12.2 பாதி, 12க்குக் கீழ போனா கிட்டத்தட்ட காலி. என்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.7க்குள்ள இருந்தா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுது.

அடுத்ததுதான் முக்கியம். பிளாக் முனைய பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல வைங்க, ரெட் முனைய என்ஜின்ல பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்ல வைங்க, வீட்டுல யாரையாச்சும் சாவி திருப்பச் சொல்லுங்க. கியர் பார்க்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்கார்ஃப் கிஸ்கார்ஃப் எல்லாம் கழட்டிட்டு, திடீர்னு ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா பெல்ட்ல மாட்டும். திருப்பற அந்த நேரத்துல 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டினா கிரவுண்ட் நல்லாருக்கு. 0.5ஐத் தாண்டினா குற்றவாளி அங்கதான் இருக்கான், கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவுல, கிளாம்ப்புக்கும் பாடிக்கும் நடுவுல, பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவுலன்னு துண்டு துண்டா அளந்து புடிச்சிடலாம்.

வண்டிய நிறுத்தி வச்சு மீட்டரை ஓம்ஸ்ல, அதாவது கேபிளோட மின்தடைய அளக்கற செட்டிங்ல, வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. 0.01 ஓம்ங்கறதை சாதாரண மீட்டர் காட்டவே காட்டாது, ஆனா ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.01 ஓம் 1.5 வோல்ட்டை முழுங்கிடும். அதுவும் மைனஸ் 15ல பேட்டரியோட பலமே குறைஞ்சிருக்கும், என்ஜின் ஆயிலும் கெட்டியா இருக்கும், அதுல 1.5 வோல்ட் போனா என்ன மிச்சம். செப்டம்பர்ல இதே வண்டி ஒரு சத்தமும் இல்லாம ஓடியிருக்கும்.

மீட்டர் இல்லன்னா பூஸ்டர் கேபிள் ஒண்ணை எடுத்து ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனை என்ஜின் இரும்புல. அப்ப ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா ஸ்டார்ட்டரை மறந்துடுங்க.

இங்க ரோட்டுல கொட்டற உப்பு கீழ இருந்து தெறிச்சு இந்த கேபிளைத்தான் தின்னும். வெளிய ரப்பர் நல்லாத் தெரியும், உள்ள தாமிரம் பச்சைப் பொடி ஆகியிருக்கும். கரண்டுக்கு வேற வழி கிடைக்கலன்னா கியர் கேபிள் வழியாக்கூட போகப் பாக்கும், பழைய வண்டிகள்ல அது சூடாகி உருகினதும் உண்டு.

கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது கடைசில. பேட்டரி கிளாம்ப்புக்கு 10 எம்எம் ஸ்பானர் போதும். பேக்கிங் சோடா தண்ணில பிரஷ் போட்டுத் தேய்ங்க, பாடில கேபிள் உக்கார்ற இடத்தை உப்புத்தாள்ல பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் சொரண்டுங்க, முறுக்கினப்புறம் மேல வாஸ்லின் தடவுங்க. துரு ஏறின போல்ட்டுக்கு முந்தின நாளே துரு எடுக்கற ஆயில் அடிச்சு வைங்க, உடைஞ்சுதுன்னா அது தனி வேலை. பழைய ஹோண்டா வச்சிருக்கறவங்க இதப் படிச்சா, பேட்டரி கழட்டறதுக்கு முன்னாடி ரேடியோ கோட் (பேட்டரி கழட்டி மாட்டினா ரேடியோ கேக்கற நம்பர்) கையில இருக்கான்னு பாத்துக்கங்க.

கேள்வி கேட்டவர்: அண்ணா, பேட்டரி 12.6 இருக்கு, ஆனா திருப்பும்போது கிரவுண்ட்ல 1.3 காட்டுது! பூஸ்டர் கேபிள் போட்டதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு.

பதில்: அப்ப கேபிளை மாத்துங்க, அதே தடிமன்ல வாங்குங்க, மெல்லிசா வாங்கிடாதீங்க. முறுக்கினப்புறம் மறுபடி அளந்து 0.2க்குள்ள வந்துடுச்சான்னு பாருங்க.

இன்னொருவர்: எனக்கு வேற மாதிரி. நாலு நாள் நிறுத்தினா பேட்டரி காலி, தினம் ஓட்டினா பிரச்சனை இல்ல. இதுவும் கிரவுண்டா?

பதில்: இல்லைங்க, எதோ ஒண்ணு ராத்திரில கரண்ட் குடிக்குது. டிக்கி லைட், அப்புறமா வெளிக் கடைல வாங்கி மாட்டின டேஷ்கேம், ரிமோட் ஸ்டார்ட்டர், இதெல்லாம் முதல்ல பாருங்க. வண்டிய லாக் பண்ணி ஒரு மணி நேரம் விட்டு நெகட்டிவ்ல மீட்டரை ஆம்பியர்ல சீரீஸா, அதாவது கம்பத்துக்கும் கழட்டின கேபிளுக்கும் நடுவுல, போட்டா பொதுவா 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவி மட்டும் திருப்பிடாதீங்க, அதோட ஃபியூஸ் போயிடும். அதிகமா காட்டினா வண்டி ஃபியூஸை ஒவ்வொண்ணா புடுங்கிப் பாருங்க, எதை எடுத்தா நம்பர் விழுதோ அந்த லைன்தான்.