தலா உற்பத்தி ஐந்து மடங்கு, ஆயுளோ குறைவு: அமெரிக்காவையும் கோஸ்டா ரிகாவையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது?

கேள்வி – வைகறை

அனைவருக்கும் வணக்கம். நான் பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. துறைக் கருத்தரங்கில் இரு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்டு இருபது நிமிடம் பேச வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கொன்று எவ்வகையிலும் ஒவ்வாத இரண்டாக இருக்கட்டும் என்று அமெரிக்காவையும் நடு அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிகாவையும் எடுத்துக்கொண்டேன். முன்னதில் ஏறத்தாழ 34 கோடி மக்கள் வாழ்கிறார்கள். பின்னதில் அரைக் கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தான். பரப்பிலும் அது தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை.

அட்டவணை போட்டதும் குழப்பம் தொடங்கிவிட்டது. 2023இல் அமெரிக்காவின் தலா உற்பத்தி (மொத்த உள்நாட்டு உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்தது) 82,000 டாலரை ஒட்டி இருக்கிறது. கோஸ்டா ரிகாவினுடையது 17,000 டாலரைக்கூட எட்டவில்லை. ஆனால் அதே ஆண்டில் அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலம் 78.4 ஆண்டுகள், கோஸ்டா ரிகாவிலோ அது 80ஐத் தாண்டுகிறது. ஐந்து மடங்கு செல்வம் உள்ள நாட்டில் ஆயுள் குறைவாக இருப்பது எப்படி? முதல் எண்ணை நம்புவதா, இரண்டாவதை நம்புவதா? "காசு முக்கியமில்லை" என்று சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை, பேராசிரியரும் விடமாட்டார்.

பதில் – எண்ணாயிரம்

வைகறைக்கு வணக்கம். இரண்டாவது எண்ணுக்குப் போகுமுன் முதல் எண்ணையே சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பேன், ஏனென்றால் அந்த "ஐந்து மடங்கு" நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கெட்டியானதன்று.

கோஸ்டா ரிகாவின் நாணயம் கொலோன். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 700 கொலோன் கொடுக்க வேண்டியிருந்தது. 2023 முடிவதற்குள் அது 530க்கும் கீழே வந்துவிட்டது. கொலோன் இப்படி வலுவடைந்ததன் விளைவாக, டாலரில் கணக்கிட்ட தலா உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்ததாகப் புள்ளிவிவரம் காட்டுகிறது. நாட்டின் உண்மையான வளர்ச்சியோ அந்த ஆண்டில் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. விளைந்த காப்பிக்கொட்டையும் வாங்கிய அரிசியும் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. மாறியது நாணய மாற்று விகிதம். நீங்கள் 2022ஆம் ஆண்டை எடுத்திருந்தால் வேறுபாடு ஆறு மடங்கை நெருங்கியிருக்கும்.

இதைச் சரிசெய்யத்தான், அந்தந்த நாட்டு விலையில் ஒரே பொருளுக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்கும் வாங்கும் சக்தி சமநிலை என்ற கணக்கு இருக்கிறது. அந்நாட்டில் "சோடா" என்று அழைக்கப்படும் சிறிய உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு (கோலி சோடாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை). அங்கே சோறு, கறுப்பு அவரை, வாழைப்பழ வறுவல், காய், ஒரு துண்டு இறைச்சி எல்லாம் சேர்ந்த மதிய உணவைக் "கசாதோ" என்பார்கள். அதே அளவு உணவுக்கு அமெரிக்க நகரம் ஒன்றில் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டியிருக்கும். முடி வெட்டுதல், வீட்டு வேலை, பேருந்துக் கட்டணம் என உள்ளூர் உழைப்பு மிகுந்த எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. அதைக் கணக்கில் கொண்டால் கோஸ்டா ரிகாவின் தலா உற்பத்தி 25,000 டாலருக்கு மேலே போகிறது. அமெரிக்காவுடனான இடைவெளி ஏறத்தாழ மூன்று மடங்காகச் சுருங்குகிறது.

எதிர்த்திசையில் இழுக்கும் இன்னொன்றும் இருக்கிறது. இன்று கோஸ்டா ரிகாவின் முதன்மை ஏற்றுமதி வாழைப்பழமோ காப்பியோ அன்று, மருத்துவக் கருவிகள். தடையற்ற வணிக மண்டலங்களில் பன்னாட்டு நிறுவனங்கள் அவற்றைச் செய்து அனுப்புகின்றன. அங்கு உருவாகும் மதிப்பு முழுவதும் உள்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது. ஆனால் இலாபத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு உரிமையாளர்களுக்குப் போய்விடுகிறது. ஆகவே குடும்பங்களின் வாழ்வைப் பேசும்போது உள்நாட்டு உற்பத்தியைவிட நாட்டு வருமானமே பொருத்தமான அளவு. அயர்லாந்தில் இது கேலிக்கூத்தாகவே ஆகிவிட்டது: 2015இல் அதன் உள்நாட்டு உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு "வளர்ந்தது", அதில் பெரும்பகுதி நிறுவனங்கள் தம் சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதால் வந்தது.

பதில் – தாழ்வாரம்

எண்ணாயிரம் ஐயா பணத்தின் பக்கத்தை விளக்கிவிட்டார். ஆயுளின் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றியவன் என்பதால் கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோஸ்டா ரிகாவின் சமூகப் பாதுகாப்பு நிதியத்தை மக்கள் "காஹா" என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். மருத்துவரான குடியரசுத் தலைவர் கால்தெரோன் குவார்தியா 1941இல் அதைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்றவர்கள் கத்தோலிக்கப் பேராயரும் பொதுவுடைமைக் கட்சித் தலைவரும் என்பது வியப்பான செய்தி. 1948இல் உள்நாட்டுப் போர் மூண்டு, அதில் கால்தெரோன் தரப்பை வென்ற ஹோசே ஃபிகெரெஸ் அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் ஒரு படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து இராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். 1949ஆம் ஆண்டு அரசமைப்பு அதை உறுதிசெய்தது. இராணுவம் இல்லாததால்தான் மருத்துவம் வந்தது என்று இணையத்தில் பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. காஹா இராணுவக் கலைப்புக்கு முந்தியது. போரில் வென்றவர், தோற்றவர் உருவாக்கிய நிறுவனத்தைக் கலைக்காமல் விட்டாரே, அதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஆயுளில் பெரிய பாய்ச்சல் 1970களில் நிகழ்ந்தது. 1970இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவை ஓராண்டுக்குள் இறந்தன. 1980இல் அது இருபதை ஒட்டி வந்துவிட்டது. இடையில் அந்நாடு பணக்கார நாடாகிவிடவில்லை. 1973இல் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டம் தடுப்பூசி, குடிநீர், கழிப்பிடம், தாய்மார் பேணல் ஆகியவற்றைச் சிதறிக்கிடந்த சிற்றூர்களுக்குக் கொண்டுபோனது. 1990களின் நடுவில் இது "எபாய்ஸ்" என்ற குழுக்களாகச் சீரமைக்கப்பட்டது. ஏறத்தாழ நாலாயிரம் பேருக்கு ஒரு குழு. அதில் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர் உதவியாளர், வீடு வீடாகச் செல்லும் ஒரு சுகாதாரப் பணியாளர். இந்த மூன்றாமவர்தான் முதுகெலும்பு. மருத்துவமனைக்கு வராதவரின் இரத்த அழுத்தம் இந்தப் பணியாளரின் பதிவேட்டில்தான் இருக்கும்.

அமெரிக்காவில் 2023இல் மருத்துவத்துக்காகத் தலைக்கு 14,500 டாலருக்கு மேல் செலவிடப்பட்டது. கோஸ்டா ரிகர் ஒருவரின் 2022ஆம் ஆண்டுத் தலா உற்பத்தி முழுவதும் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. அதே சமயம், அமெரிக்கர்கள் குறைந்த வயதில் இறப்பதற்கு மருத்துவமனை மட்டும் காரணமன்று: 2021 முதல் 2023 வரை ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் மிகையால் இறந்தார்கள், துப்பாக்கியால் நாற்பதாயிரத்துக்கு மேல், சாலையில் ஏறத்தாழ அதே அளவு. இவர்களில் மிகப் பலர் நடுவயதுக்காரர்கள் என்பதால் சராசரி ஆயுள் பெரிதாகக் குறைகிறது. 2016இல் வெளியான ஓர் ஒப்பாய்வு இரு நாட்டு இறப்பு விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வயதுவந்த அமெரிக்க ஆண்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் கூடுதல் என்றது. பெரிய வேறுபாடு கீழ்த்தட்டு மக்களிடம்தான் இருந்தது.

பச்சிளங்குழந்தைகளின் இறப்பு மட்டும் அமெரிக்காவில்தான் குறைவு என்பதையும் உங்கள் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று. குறைந்த செலவில் நல்ல உடல்நலம் என்ற பொருளில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1985இல் கூட்டிய கூட்டத்தில் ஆராயப்பட்டவை சீனா, கோஸ்டா ரிகா, இலங்கை, கேரளம் ஆகிய நான்குமே. நம் பக்கத்து நிலங்கள் இரண்டு அதில் இருப்பதால் உங்கள் அவையினருக்கு இது எளிதில் பிடிபடும்.

பதில் – அக்கரைச்சீமை

மேலே எழுதிய இருவரும் சொன்னவற்றில் தவறில்லை; ஆனால் படிப்பவருக்குக் கோஸ்டா ரிகா ஒரு பூந்தோட்டம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். அலுவல் காரணமாக எரேதியா நகரில் இரண்டு ஆண்டுகளும் அதன்பின் டெக்சஸில் நான்கு ஆண்டுகளும் குடும்பத்துடன் இருந்தேன்.

தாழ்வாரம் குறிப்பிட்ட அந்தச் சுகாதாரப் பணியாளர் எங்கள் வாசலுக்கே வந்திருக்கிறார். அந்த ஊரில் தெருப்பெயரும் கதவெண்ணும் பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை. "தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கு, பிறகு 50 மீட்டர் கிழக்கு" என்பதுதான் எங்கள் முகவரி. அவர் கையில் இருந்த தாளில் ஒவ்வொரு வீடும் கட்டமாக வரையப்பட்டு, எங்கள் வீட்டுக் கட்டம் காலியாக இருந்தது. தோளில் தடுப்பூசிக் குளிர்பெட்டி. மகளின் தடுப்பூசி அட்டையைக் கேட்டார், என் மனைவியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், பின்கட்டில் இருந்த வாளியைக் கவிழ்த்துவிட்டு டெங்கு பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிடம்தான் ஆயிற்று. டெக்சஸில் கணுக்கால் பிசகி ஓர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனபோது, காப்பீடு இருந்தும், ஒரே காலுக்கு மூன்று வெவ்வேறு உறைகளில் மூன்று கட்டணச் சீட்டுகள் வந்தன. மூன்றாவது வந்தபோது கால் நன்றாகவே நடக்கத் தொடங்கியிருந்தது.

இருந்தாலும், சம்பாதிப்பவன் என்ற முறையில் என்னைக் கேட்டால் டெக்சஸில்தான் என் கையில் பணம் நின்றது. கோஸ்டா ரிகாவில் இறக்குமதி வரியால் பழைய கார்கூட யானை விலை, பெட்ரோலும் அப்படியே. சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேர வேலை. டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் ஆண்டுக்கு இரண்டு வார ஊதிய விடுப்பும் நான்கு மாத மகப்பேற்று விடுப்பும் சட்டத்திலேயே உண்டு என்பதும் உண்மைதான், அமெரிக்க நடுவண் சட்டத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் முறைசாராப் பணிகளில் இருப்போர் பலருக்கு இவை ஏட்டுச் சுரைக்காய். அறுவை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல்கள் மிக நீளமானவை. நாள் குறிக்கக் கோரி மக்கள் அரசமைப்பு நீதிமன்றத்துக்கே மனுப் போடுகிறார்கள். நீதிமன்றமும் இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆணையிடுகிறது. 2023இல் அந்தச் சிறு நாட்டில் 900க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. லட்சம் பேருக்கு ஏறத்தாழ 17 என்ற இந்த விகிதம் அதே ஆண்டின் அமெரிக்க விகிதத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வீட்டு ஜன்னல் எல்லாவற்றிலும் இரும்புக் கம்பி இருந்ததை என் மகள் இன்னும் நினைவு வைத்திருக்கிறாள்.

மீண்டும் – வைகறை

மூவருக்கும் நன்றி. அக்கரைச்சீமை ஐயா எழுதிய கட்டம் போட்ட தாளை உரையின் தொடக்கத்தில் சொல்ல அனுமதி வேண்டும். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. ஏற்றத்தாழ்வுக்காகக் கினி கெழுவைச் (0 என்றால் முழுச் சமம், 1 என்றால் எல்லா வருமானமும் ஒருவருக்கே) சேர்த்தேன், அமெரிக்காவுக்கு 0.48, கோஸ்டா ரிகாவுக்கு 0.47 என்று வருகிறது. இரண்டும் ஏறத்தாழச் சமம் என்று எழுதிவிடலாமா?

பதில் – எண்ணாயிரம்

எழுதிவிடாதீர்கள். அந்த 0.48 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம் வரிக்கு முந்தைய வருமானத்தை வைத்துக் கணக்கிடுவது. உங்கள் 0.47, வரி போக, அரசு உதவியும் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்துக்கானதாக இருக்க வேண்டும். அந்த முறையில் பார்த்தால் அமெரிக்காவினுடையது 0.40ஐ ஒட்டி வரும். அதாவது கோஸ்டா ரிகாதான் கூடுதல் ஏற்றத்தாழ்வு உள்ள நாடு, அது 2021இல் சேர்ந்த ஓ.இ.சி.டி. என்னும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பிலேயே மிக உயர்ந்த கெழுக்களில் ஒன்று அதனுடையது. காஹாவின் சேவையைப் பணமாக்கி வருமானத்தில் கூட்டினால் இது சற்றுக் குறையும், ஆனால் வழக்கமான கெழுவில் அது சேர்வதில்லை. இரு நாட்டுக்கும் ஒரே அமைப்பு வெளியிட்ட, வரிக்குப் பிந்தைய எண்களை எடுத்து, எந்த ஆண்டுக்கானது என்பதை அடியில் குறித்துவிடுங்கள். டாலர் வரிசைக்கும் அப்படியே: 2022, 2023 இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, நடுவே கொலோன் விகிதத்தை ஒரு வரியாக எழுதினால் பேராசிரியர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லியதாகிவிடும்.

பதில் – அக்கரைச்சீமை

தாளைத் தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா. வாளியை மட்டும் விட்டுவிடுங்கள். என் மனைவியும் இந்த மன்றத்தைப் படிக்கிறாள்.