புதுப்பிப்பு: பான்ஷீயின் இடது சிலிண்டர்

என் யமஹா பான்ஷீயில் (347 சிசி, இரட்டைச் சிலிண்டர், பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் நான்கு சக்கர வண்டி) புதிய சைலன்சர் பூட்டிய பின், மணற்காட்டு மணலில் முழு வேகத்தில் இடது பிஸ்டன் இறுகப் பார்த்தது என்று முன்பு எழுதியிருந்தேன். பெற்றோலில் கலக்கும் எண்ணெயைக் கூட்டச் சொன்னீர்கள். கூட்டினேன், இன்னும் மோசமானது. எண்ணெய் கூடினால் பெற்றோலின் பங்கு குறைந்து கலவை மெலிகிறது, அதாவது காற்று மிஞ்சி எஞ்சின் சூடேறுகிறது. இப்போது பழையபடி 32:1, நான்கு லீற்றர் பெற்றோலுக்கு 125 மில்லிலீற்றர் எண்ணெய்.

கராஜ் அண்ணை பிளக்குகளைக் கழற்றினார். வலது தேநீர் நிறம், இடது சுண்ணாம்பு வெள்ளை, கலவை மெலிந்ததன் அடையாளம். "ஒரு பக்கம் மட்டும் வெளுத்தால் ஜெட்டைத் தொடாதே தம்பி, காற்று எங்கே நுழைகிறது என்று பார்" என்றார். (ஜெட் என்பது காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சிறு துளை.) எஞ்சினின் காற்று, புகை வாய்களை அடைத்து மெல்லக் காற்றடித்து, சவர்க்கார நீர் தடவினோம். காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இடது ரப்பரில் மயிரிழை வெடிப்பு, வரிசையாகக் குமிழிகள். சைலன்சர் பூட்டிய அன்று நான் முறுக்கி இழுத்த அதே இடம்! ரப்பரை மாற்றிய பிறகே, சைலன்சருக்கேற்ப இரு பக்கமும் பெரிய மெயின் ஜெட் போட்டோம்.

இன்னொன்று: வண்டியின் பின்பக்கம் துள்ளி உதைத்ததற்கு பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கியது என் மடத்தனம். அதைத் தளர்த்தி ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தை) மெதுவாக்கியதும் அடங்கிவிட்டது.