காரைக்குடி வளவுச் சுவரில் உப்பு: உதவி தேவை

காரைக்குடியில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவில் உள்ள, நூறாண்டைக் கடந்த வீட்டின் வளவுச் சுவரில் (நடு முற்றத்தைச் சுற்றியுள்ள உட்பகுதியின் சுவரில்), சுண்ணாம்பும் கடுக்காய்நீரும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றிய பழைய பூச்சு, தரையிலிருந்து இடுப்புயரம் வரை உப்புப் பூத்துப் புடைத்துப் பெயர்ந்து வருகிறது. முன்பு பழுதுபார்த்தவர்கள் அடிச்சுவரில் சிமென்ட் பூசினார்கள். அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகே இது தொடங்கியதால், ஈரம் வெளியேற வழியின்றி மேலேறுகிறது என்று கருதுகிறோம். சிமென்டைக் கொத்தி எடுத்து, முற்றத்து நீர் வடிகாலைச் சீராக்கி, கோடை முழுவதும் சுவரை உலரவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். கார்த்திகையில் உப்பு மீண்டும் வெளிவந்துவிட்டது. மேற்பாதிப் பூச்சு இன்னும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறது, அதை இழக்க எங்களுக்கு மனமே இல்லை. அந்தப் பகுதியைத் தொடாமல், செங்கல்லில் ஊறிய உப்பை வெளியே இழுத்துப் பயன் கண்டவர்கள், எதைப் பூசி எவ்வளவு நாள் விட்டுவைத்தீர்கள் என்று சொல்ல முடியுமா?