வால்பாறை ஏற்றத்துக்கு எந்த கிராவல் சைக்கிள்?

வணக்கம் நண்பர்களே. பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக 25 மி.மீ. டயர் பூட்டிய ரோடு சைக்கிள்தான் ஓட்டுகிறேன். போன மாதம் ஆழியாறு பக்கம் தென்னந்தோப்பு மண்பாதையில் ஒரு கல் குத்தி, டயரின் பக்கவாட்டுப் பகுதி விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்துவிட்டது. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்தது மண், கல் பாதையிலும் ஓட்டக்கூடிய, அகல டயர் பூட்டிய கிராவல் சைக்கிள்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. பத்து கிலோ சுமையோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும். குழப்பமெல்லாம் கியரில்தான். முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் என்றால் பராமரிப்பு எளிது. ஆனால் முன்னால் 40 பல்லோடு பின்னால் 42 பல் வைத்தாலும், முன்னால் 46, 30 பல் கொண்ட இரட்டைப் பல்சக்கரமும் பின்னால் 36 பல்லும் தரும் லேசான மிதி வராது. எனக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் மனம் இரட்டையின் பக்கமே சாய்கிறது.

பிரேக் கேபிளா, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கா? கேபிள் அறுந்தால் சிற்றூர்க் கடையிலும் மாற்றிவிடலாம். ஆனால் சுமையோடு நீண்ட இறக்கத்தில் கை தாங்குமா? 40 மி.மீ. டயரும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பை மாட்டத் திருகுத் துளைகளும் கட்டாயம் வேண்டும்.

சுமையோடு மலை ஏறியவர்கள் உங்கள் சைக்கிளின் பெயரையும் கியர் அளவையும் சொல்லுங்கள். பொங்கலுக்கு முன் வாங்கிவிட வேண்டும்.