புதுப்பிப்பு: அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் நகரப் பழைய புகைப்படங்கள், பெயர் தேடும் முறையில் திருத்தம்

படத்தில் கடைப் பலகையிலுள்ள பெயரை 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால் வாசலில் நிற்பவர் யாரென்று தெரியும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. முதலாளி போய்ச் சேர்ந்த பிறகும் பலகை மாறாது. தெருப்பெயரைப் போட்டு, 1901, 1911 இரண்டு படிவங்களையும் வீடுவீடாகப் பாருங்கள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம்.

பத்தாண்டில் ஒருவருக்குப் பதினைந்து வயது கூடியிருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். 1909 முதல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது, அதற்காகச் சொல்லும் வயதும் தாராளமாக ஏறியது!

முகமும் ஏமாற்றும். அக்காலக் கேமராக்களின் கண்ணாடித் தகடுகளில் சிவப்பு ஏறக்குறைய பதியாது. சிவந்த கன்னமும் முகப்புள்ளிகளும் கறுத்து, இளைஞன்கூட முதியவனாகத் தெரிவான்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா? பலகை எழுத்து இல்லையென்றால் ஆண்கள் போட்டிருக்கும் கோட்டைப் பாருங்கள்: பொத்தான் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்க வேண்டும்.